கைவிட்ட படகுக்கு 30 நாள், குடியிருக்கும் வீட்டுக்கு எத்தனை நாள்?

பொதுக் கால்வாய் ஒன்றில் ஒரு படகு கேட்பாரற்றுக் கிடக்கிறது. கயிறு அறுந்து, பலகை உளுத்து, பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. மற்றப் படகுகளுக்கு வழியை மறிக்கிறது. உரிமையாளர் யாரென்று தெரியவில்லை. இந்தப் படகை அரசாங்கம் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலேய ஆட்சி 1873-லேயே எழுத்தில் பதில் வைத்திருந்தது. வட இந்தியக் கால்வாய் மற்றும் வடிகால் சட்டம், 1873-ம் ஆண்டின் 8-வது சட்டம், 54-வது பிரிவு. கால்வாயில் கைவிடப்பட்டுக் கிடக்கும் படகையும், இரண்டு மாதம் யாரும் கேட்டு வராத சரக்கையும் கால்வாய் அதிகாரி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் விற்றுவிட முடியாது. அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிவிப்பில் ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதி குறைந்தது 30 நாள் தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் உரியவர் வராவிட்டால்தான் ஏலம். ஏலத்துக்குப் பிறகும் படகுக்காரரின் உரிமை சாகாது. சுங்கமும் செலவும் போக மீதிப் பணம் அவருடையது. வந்து நிரூபித்தால் வாங்கிக்கொள்ளலாம். யாருக்குச் சொந்தம் என்பதில் சந்தேகம் இருந்தால், பணம் கருவூலத்தில் பத்திரமாக இருக்கும். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை யாரும் தொட முடியாது.

உரியவரே விட்டுவிட்டுப் போன உளுத்த மரத்துக்கு இவ்வளவு மரியாதை. இதே அளவு மரியாதை அதே கால்வாயின் கரையில் குடியிருக்கும் மனிதருக்கு உண்டா? அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு உண்டா? இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்போம்.

பள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு படகுச் சட்டம் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் கொசஸ்தலை ஆற்றில் படகு போவதில்லை. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் கிடக்கும். ஆனால் இந்த ஆறு எங்களைத் தாண்டிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அங்கேதான் பக்கிங்காம் கால்வாயும் அதைச் சந்திக்கிறது. மேலே ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலம் மூழ்கும். 2021 நவம்பரில் பார்த்தோமே. கீழே எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும். ஆற்றின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கரையில் இருப்பது நம் சேரிகள்தான். இந்த ஆற்றுக்குப் பொருந்தும் சட்டம் எதுவானாலும் அது முதலில் நம் வாசலுக்குத்தான் வரும்.

பூனை தப்பினாலும் கப்பல் உரியவருக்கே

படகின் மீது சட்டத்துக்கு இருக்கும் பரிவு 1873-ல் தொடங்கியது அல்ல. இங்கிலாந்தில் 1275-ம் ஆண்டின் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதரோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிரோடு தப்பியிருந்தால், அந்தக் கப்பலைக் கேட்பாரற்றது என்று சொல்லி அரசர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டும். அதற்குள் உரியவர் வந்து நிரூபித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்ற பழைய துறைமுகம். அங்கே காகதிய அரசர் கணபதிதேவர் 1244-45-ல் ஒரு அபய சாசனம் வெட்டி வைத்தார். முன்பெல்லாம் புயலில் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கை அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். இனி அப்படிப் பறிக்க மாட்டோம், உரிய தீர்வையை மட்டும் வாங்கிக்கொள்வோம் என்று கடல் வணிகர்களுக்கு உறுதி கொடுத்தது அந்தக் கல்வெட்டு. வணிகர் பயந்து ஓடிவிட்டால் துறைமுகம் படுத்துவிடும், தீர்வை வராது. அரசர் காட்டிய பரிவுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

இந்த மரபு நேராக நம் காலத்துக்கு வருகிறது. 1908-ம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்து வழியை மறிக்கும் கப்பலை அதிகாரி தூக்கலாம், அகற்றலாம், அழிக்கவும் செய்யலாம். ஆனால் மீட்ட பொருளை விற்றால், செலவு போக மீதி உரியவருக்கு. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், கரை ஒதுங்கிய கப்பலுக்கு உரிமை கோர ஓராண்டு அவகாசம் கொடுத்தது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக 2025-ல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. உள்நாட்டு நீர்வழிகளுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்தது. ஆண்டுகள் மாறினாலும் இந்தச் சட்டங்களுக்கு அடியில் ஓடும் எண்ணம் பழையதுதான்: வழியை மறிக்கும் பொருளாக இருந்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்; அவரைத் தேட வேண்டும்; அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

நல்ல எண்ணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அது யாருக்கு மட்டும் கிடைத்தது என்பதே நம் கேள்வி.

கால்வாயை வெட்டிய கைகள்

சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-ல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் பேசில் காக்ரேன் என்ற வெள்ளை வணிகர். 1837-ல் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம்வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட நீர்வழியாக அது ஆனது. 1878-ல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டப்பட்ட ஆண்டைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூடையும் மண்வெட்டியும் பிடித்தவர்கள் பசித்து வந்த கிராமத்து மக்கள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் சுமப்பவருக்கு அதுதான் சாப்பாடு. எதிர்ப்புக்குப் பிறகு அந்த அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். நிலமில்லாதவர், சேமித்த தானியம் இல்லாதவர், வேலைக்குப் போனால்தான் கஞ்சி என்று இருந்தவர் யார் என்று நமக்குத் தெரியும். பஞ்சம் முதலில் சேரியைத்தான் தொட்டது.

கால்வாயில் படகுகள் ஓடின. விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் பட்டணத்துக்கு நீர்வழியே வந்தன. 1890-ல் சென்னை மாகாணத்துக்கென்று கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் வந்தது. படகுக்கு உரிமம், பயணத்துக்குச் சுங்கம் என்று ஒழுங்கு செய்தது. வெட்டியவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. படகுக்கு மட்டும் பதிவு உண்டு.

ஒரே சட்டத்தில் இரண்டு நியாயம்

மறுபடி 1873-ம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். கைவிட்ட படகுக்கு 30 நாள் கொடுத்த அதே சட்டத்தில், சில பக்கம் தள்ளி எட்டாம் பாகம் இருக்கிறது. கால்வாய் வேலைக்கு ஆள் பிடிப்பது பற்றியது அது. அவசர வேலை என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால், கூலியாட்களை வரச் சொல்லி உத்தரவிடலாம். அழைக்கப்பட்ட கூலியாள் வந்தே ஆக வேண்டும், சொல்லும்வரை வேலை செய்தே ஆக வேண்டும். கூலி உண்டு, மறுக்கும் உரிமை கிடையாது.

நம் மாகாணத்தில் இதற்கு 15 ஆண்டு முன்பே இப்படி ஒரு சட்டம் இருந்தது. 1858-ம் ஆண்டின் முதலாவது சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் அபாயம் வந்தால், ஊரில் உடல் வலுவுள்ள உழைப்பாளிகளை வேலைக்கு அழைக்கலாம். வர மறுத்தால் தண்டனை. குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்த வழக்கமான உழைப்பைக் கட்டாயப்படுத்தவும் இந்தச் சட்டமே வழி செய்தது. நள்ளிரவில் மழையில் கரை உடையும்போது ஊர்த் தலையாரி எந்தத் தெருவுக்குப் போய்ப் பறை அடிப்பார்? நிலத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கா? வெட்டியானும் தோட்டியும் நீர்க்கட்டியும் இருக்கும் தெருவுக்குத்தான். மதகைத் திறப்பதும் அடைப்பதும் நம் ஆட்களின் வேலையாக இருந்தது. தண்ணீர் பாய்ந்த வயல் ஒன்றுகூட நம்முடையதாக இல்லை.

படகை எடுக்க உரியவரின் சம்மதத்துக்காகக் காத்திருந்த சட்டங்களுக்கு, நம் உடம்பை எடுத்துக்கொள்ள யார் சம்மதமும் தேவைப்படவில்லை.

ஏன் கரையில் குடியிருக்கிறோம்?

"இவர்களை யார் ஆற்றங்கரையில் வீடு கட்டச் சொன்னது?" என்று கேட்பவர்களுக்கும் வரலாறே பதில் சொல்லும்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1891-ல் அந்த மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்கள் ஊர் நிலம் முழுவதையும் பிடித்து வைத்திருப்பதையும், தரிசு நிலத்துக்கு நம் மக்கள் மனுப் போட்டால் மிராசு உரிமையைக் காட்டித் தடுப்பதையும், சேரி இருக்கும் மனைகூட நம்முடையதாக இல்லாததையும் அதில் பதிவு செய்தார். எதிர்த்துப் பேசிய குடும்பத்தை வீட்டை விட்டே விரட்ட முடிந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடித்தளம். அப்படிக் கொடுக்கப்பட்ட நிலம் பின்னால் யார் யார் கைக்குப் போனது என்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாகிவிட்டது.

ஊருக்குள் மனை கிடையாது, வயல் கிடையாது. அப்படியானால் கால் வைக்க எந்த மண் மிச்சம்? ஏரிக்கரை, ஆற்றங்கரை, கால்வாய் ஓரம், வெள்ளம் வந்தால் மூழ்கும் பள்ளம். மிராசுதாருக்கு வேண்டாத மண்ணுக்குப் புறம்போக்கு என்று பெயர். நம் மக்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த இடம் அது இல்லை. நகரத்துக்கு வேலை தேடிப் போனபோதும் இதே கதைதான். பட்டணத்தின் குப்பை அள்ளவும், சாக்கடை இறங்கவும், கட்டடம் எழுப்பவும் ஆள் வேண்டும். அவர்கள் தங்க மனை வேண்டாம். அவர்கள் கூவத்தின் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டார்கள்.

1905: வீட்டுக்கான சட்டம்

இப்போது இரண்டாவது சட்டத்தைத் திறப்போம். 1905-ம் ஆண்டின் 3-வது சட்டம், நில ஆக்கிரமிப்புச் சட்டம். 120 ஆண்டு தாண்டியும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. இதன் 2-வது பிரிவு ஆறு, ஓடை, ஏரி, கால்வாய், கடற்கழி ஆகியவற்றின் படுகை, ஓடும் நீர், தேங்கிய நீர் எல்லாம் அரசின் சொத்து என்கிறது. 6-வது பிரிவு வெளியேற்றம் பற்றியது. அனுமதியில்லாமல் அந்த நிலத்தில் இருப்பவரைக் கலெக்டர் சுருக்கமான நடவடிக்கையில் வெளியேற்றலாம். அங்கே விளைந்த பயிர் பறிமுதல். கட்டிய கட்டடத்தையும் அங்கே வைத்த பொருளையும் எழுத்து நோட்டீஸ் கொடுத்த பிறகும் அகற்றாவிட்டால் அதுவும் பறிமுதல்.

நோட்டீஸுக்கு எத்தனை நாள்? சட்டத்தில் எண்ணே இல்லை. அதிகாரி "நியாயம்" என்று கருதும் அவகாசம். பறிமுதல் செய்த பொருளை என்ன செய்வது? கலெக்டர் சொல்கிறபடி. விற்றால் மிச்சப் பணம் உரியவருக்கு என்ற பேச்சே அங்கே இல்லை. கருவூலத்தில் வைத்துக் காத்திருப்பதும் இல்லை.

படகுக்கு எண் எழுதப்பட்டிருக்கிறது: 30 நாள். வீட்டுக்கு அதிகாரியின் மனசு. படகை விற்றால் மீதி உரியவருக்கு. வீட்டின் ஓடும் கதவும் பாத்திரமும் அரசுக்கு. படகுக்காரர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் அவருக்கு உரிமை தொடர்கிறது. வீட்டுக்காரர் நேரில் நின்று கதறினாலும் அவர் ஆக்கிரமிப்பாளர். 1275-ல் கப்பலில் ஒரு பூனை உயிரோடு இருந்தால் போதும் என்றது சட்டம். 1905-ல் வீட்டுக்குள் ஆறு பேர் உயிரோடு இருந்தும் போதவில்லை.

1873-ம் ஆண்டுச் சட்டம் வடக்கே, 1905 நம் மாகாணத்தில். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இரண்டையும் எழுதியது ஒரே ஆட்சி, ஒரே சட்ட அறிவு. கைவிட்ட சொத்துக்கும் உரிமையாளர் உண்டு என்று அதற்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டைச் சொத்தாகவே அது பார்க்கவில்லை. பிறகு வந்த சுதந்திர அரசு இந்தச் சட்டத்தை அப்படியே கையில் வாங்கிக்கொண்டது. 2007-ல் ஏரிகளுக்கென்று தனியாக ஓர் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் சேர்த்தது.

படகு நின்றது, ஆக்கிரமிப்பு தொடர்ந்தது

ரயிலும் லாரியும் வந்தபின் கால்வாயில் படகு குறைந்தது. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. படகுப் போக்குவரத்து அதோடு ஓய்ந்தது. நீர்வழி என்ற பெயர் மட்டும் மிச்சம். 2008-ல் அதைத் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் 1990-களில் அதே கால்வாய்க்குள் வரிசையாகத் தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் ஓட்டியாகிவிட்டது. நீர்வழியை மறித்த மிகப் பெரிய கட்டுமானம் அரசாங்கத்துடையது.

வடக்கே எண்ணூருக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் சாம்பல் படிந்தது. பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போனது. கழிமுகத்தின் சதுப்பு நிலத்தில் துறைமுகத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் மண் கொட்டினார்கள். இந்தச் சாம்பலையும் மண்ணையும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி எந்த ஜே.சி.பி.யும் போகவில்லை. அது கரையோரக் குடிசைக்குத்தான் வரும்.

2022 மே மாதம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருந்த கோவிந்தசாமி நகரில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்கப் போனார்கள். நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் அவர்கள். அந்த இடிப்பின்போது ஒரு முதியவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நகருக்குள்ளேயே மாற்று வீடு தருவதாகச் சட்டமன்றத்தில் வாக்குறுதி வந்தது. அதுவரை வழக்கம் என்ன? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரு மூலையில், புதிய வீடு இன்னொரு மூலையில். பரீட்சைக்கு முன்னால் பெயர்த்து எடுக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று அந்தக் குடியிருப்புகளின் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வார்.

நீதிமன்றம் கொடுத்ததும் விட்டதும்

1985 ஜூலை 10-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு அது. பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-வது பிரிவு, நோட்டீஸே இல்லாமல் அகற்ற அதிகாரம் கொடுத்திருந்தது. வாழ்வாதாரம் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி, பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் அகற்றுவது விதிவிலக்காகத்தான் இருக்க முடியும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் வெளியேற்றத்தை ரத்து செய்யவில்லை. மழைக்காலம் முடியும்வரை தள்ளி வைத்தது. நாம் மேற்கோள் காட்டுவது அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை. நடைபாதைவாசிகள் அனுபவித்தது இரண்டாம் பாதியை.

2024 நவம்பர் 13-ல் புல்டோசர் இடிப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்த அமர்வில் இருந்தவர்கள் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன். குறைந்தது 15 நாள் நோட்டீஸ், நேரில் விசாரணை, இடிப்பை வீடியோ எடுப்பது, விதியை மீறி இடித்தால் அதிகாரியே ஈடு கட்டுவது என்று நல்ல நெறிகள். கொண்டாடினோம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு அல்லது நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியில்லாத கட்டுமானம் இருந்தால் இந்த நெறிகள் பொருந்தாது. நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டிருந்தாலும் பொருந்தாது.

அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நிலமில்லாத தலித் குடும்பம் இந்த நாட்டில் எங்கெல்லாம் குடிசை போட முடிந்ததோ, கிட்டத்தட்ட அத்தனை இடமும் அதில் இருக்கிறது. 15 நாள்கூட நமக்கு இல்லை. படகின் 30 நாள் எட்டாத உயரம்.

எது பொது?

பாபாசாகேப் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ல் மஹாட் நகரின் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் போய், அது பொதுக் குளமே அல்ல என்று வாதாடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ள 1937 ஆனது. நாம் குடிக்கப் போனால் நீர்நிலை அவர்களுடைய தனிச்சொத்து. நாம் அதன் கரையில் தங்கினால் அது ஊர்ப் பொதுச்சொத்து. இரண்டு வாதத்திலும் வெளியே நிற்பவர் நாம்தான்.

பழவேற்காடு ஏரியிலும் இதைப் பார்க்கலாம். அங்கே பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரிப்பது. மீன்வளத்தைக் காக்கும் மரபு என்று ஆய்வாளர்கள் பாராட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பங்கு பட்டினவர் கிராமங்களுக்கு மட்டும். மீன்பிடித்துப் பிழைக்க வந்த தலித் மக்களும் இருளரும் வெளியே. அவர்கள் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள்.

ஏரி சாகும்போது நிவாரணம் யாருக்கு? 2004 சுனாமிக்குப் பிறகு படகையும் வலையையும் எண்ணி நிவாரணம் கொடுத்தார்கள். படகில் கூலிக்குப் போனவர், கரையில் மீன் சுமந்தவர், உப்பளத்தில் உழைத்தவர் பட்டியலில் இடம்பிடிக்கப் போராட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளைச் சீரமைக்கத் தலா ரூ.10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500. ஒரு படகுக்குக் கிடைத்தது கரையோரக் குடும்பத்துக்குக் கிடைத்ததைவிட ரூ.2,500 அதிகம். மீனவருக்குப் படகு வேண்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. படகை எண்ண ஒரு பதிவேடு இருக்கிறது. எண்ணெய்ச் சேற்றில் இறங்கும் கைகளை எண்ண எந்தப் பதிவேடும் இல்லை.

வெள்ளம் வந்தால்?

கால்வாயைச் சுத்தம் செய்யாவிட்டால் நகரம் மூழ்காதா என்பது நேர்மையான கேள்வி. மூழ்கும். 2015-ல் மூழ்கியது. மூழ்கும்போது முதலில் தண்ணீர் புகுந்தது ஆற்றோரக் குடிசைகளுக்குள். நீர்நிலை காக்கப்பட வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவர் யாரும் இருக்க முடியாது. வெள்ளப் பள்ளத்திலேயே கிடக்க வேண்டும் என்று யாரும் போராடவில்லை. வெளியேற்றும் முறையையும் வரிசையையும்தான் கேட்கிறோம். பொது வழியை மறிக்கும் படகை அகற்றும்போதே உரிமையாளரின் உரிமையையும் காக்க முடியும் என்று சட்டம் பல நூற்றாண்டுகளாகக் காட்டியிருக்கிறது. அகற்றுவதும் மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. படகு விஷயத்தில் தெரிந்த இந்த வித்தை வீட்டு விஷயத்தில் மறந்துபோவது ஏன்?

அதனால் நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று, 1905-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, குடியிருக்கும் வீட்டுக்கு நோட்டீஸ் அவகாசத்தை எண்ணில் எழுத வேண்டும். கைவிட்ட படகுக்கு 30 நாள் என்றால், மனிதர் வாழும் வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நோட்டீஸ் தமிழில், ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் தரப்பட வேண்டும்.

இரண்டு, வீட்டுப் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை நீக்க வேண்டும். மரம், ஓடு, கதவு, பாத்திரம் அனைத்தையும் பட்டியல் போட்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். உடைத்ததற்கு ஈடு தர வேண்டும்.

மூன்று, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் மாற்று வீட்டின் சாவி கையில் வந்த பிறகே பழைய வீட்டைத் தொட வேண்டும். கல்வியாண்டின் நடுவிலும் மழைக்காலத்திலும் தொடவே கூடாது.

நான்கு, கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் கழிமுகம் ஆகியவற்றின் மீதுள்ள எல்லா ஆக்கிரமிப்புகளையும் ஒரே பட்டியலில் வெளியிட வேண்டும். ஆலை, மின் நிலையம், அரசுத் துறை, குடிசை என எல்லாமே பரப்பளவோடு இருக்கட்டும். பெரியதிலிருந்து தொடங்கட்டும்.

ஐந்து, படகில்லாமல் கையால் மீன், இறால் பிடிக்கும் தலித், இருளர் மக்களுக்குத் தனிப் பதிவேடும் நிவாரண உரிமையும் வேண்டும்.

ஆறு, இவை எல்லாவற்றுக்கும் வேர் நிலமின்மை. பஞ்சமி நிலங்களை மீட்டு, ஊருக்குள் மேட்டில் மனைப்பட்டா கொடுங்கள்; ஆற்றங்கரை தானாகக் காலியாகும்.

அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1945-ல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் உருவானது. ஆற்றில் படகு போவதும் வெள்ளத்தைத் தடுப்பதும் மக்களின் வறுமையைப் போக்குவதும் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்று பார்த்தவர் அவர். இன்று ஆற்றின் பெயரால் நம்மை வெளியேற்ற வரும் அதிகாரியின் அலுவலகச் சுவரிலும் அவர் படம் தொங்குகிறது. அடுத்த முறை நோட்டீஸ் வந்தால், அதில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள், நகல் எடுத்து வையுங்கள், உடனே எழுத்தில் பதில் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.

ஜெய்பீம்.